பிடிப்பு கூடினால் வண்டி கவிழுமா? ஏடிவி டயருக்குள் இருக்கும் அறிவியல்

ஒரே ஏடிவி. ஒரே ஓட்டுநர். ஒரே வேகம். முன்னால் இரண்டு பாதைகள். இரண்டிலும் ஒரே அளவு வளைவு. ஒன்று, மழையில் நனைந்த செம்பனைத் தோட்டத்து மண்பாதை. மற்றொன்று, வெயிலில் காய்ந்த தார்ச்சாலை. எந்தப் பாதையில் வண்டி கவிழும் வாய்ப்பு அதிகம்?

வகுப்பில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மண்பாதைக்குத்தான் கைகள் உயரும். சேறு வழுக்கும், வழுக்கினால் விழுவோம் என்பது நமக்குச் சிறு வயது முதலே பழகிப்போன எண்ணம். ஆனால் ஏடிவி விஷயத்தில் விடை தலைகீழாகவும் அமையலாம். நல்ல பிடிப்புள்ள தார்ச்சாலையில் அந்த வண்டி வழுக்காது. வழுக்க முடியாததாலேயே அது கவிழ்ந்துவிடலாம்.

இது எப்படி? அதைப் புரிந்துகொண்டால், ஓர் ஏடிவிக்கு டயர் தேர்ந்தெடுப்பதும், அதன் அகலத்தையும் உயரத்தையும் மாற்றுவதும் வெறும் அலங்கார வேலை அல்ல என்பது தெரியும். அத்தனையும் நீங்கள் பள்ளியில் படிக்கும் உராய்வு, அழுத்தம், ஈர்ப்பு மையம் ஆகிய பாடங்கள்தாம்.

விளையாட்டு ஏடிவி என்றால் என்ன?

எல்லா நிலத்திலும் ஓடக்கூடிய வண்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஏடிவி. மோட்டார் சைக்கிளைப் போல இருக்கையின் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்ட வேண்டும். ஆனால் சக்கரங்கள் நான்கு. இதில் இரண்டு வகை உண்டு. தோட்டத்திலும் பண்ணையிலும் சுமை ஏற்றும் வேலை வண்டி ஒன்று. பந்தயத்துக்காகவே உருவான விளையாட்டு வண்டி மற்றொன்று.

விளையாட்டு வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2009-ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த யமஹா ஒய்எஃப்இசட்450ஆர். எரிபொருளோடு சேர்த்து இதன் எடை சுமார் 184 கிலோ. மொத்த அகலம் சுமார் 1,240 மில்லிமீட்டர். முன் டயரின் உயரம் 21 அங்குலம். பின் டயரின் உயரம் 20 அங்குலம். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த வண்டியையே நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

மூன்று சக்கரம் கற்றுத்தந்த பாடம்

ஏடிவிக்குத் தொடக்கத்தில் நான்கு சக்கரங்கள் இல்லை. 1970-இல் ஹோண்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த யுஎஸ்90 என்ற வண்டிக்கு மூன்றே சக்கரங்கள்; பலூன்போல் உப்பிய பெரிய டயர்கள். பனியிலும் மணலிலும் அது அழகாக மிதந்து சென்றது. பின்னர் வேகம் கூடிய மூன்று சக்கர வண்டிகள் பல வந்தன. அவற்றோடு விபத்துகளும் பெருகின.

ஒரு தாளில் ஒரு செவ்வகத்தையும், அதே நீள அகலத்தில் ஒரு முக்கோணத்தையும் வரைந்து பாருங்கள். நான்கு சக்கர வண்டியின் அடித்தளம் செவ்வகம். மூன்று சக்கர வண்டியின் அடித்தளம், முன்னால் குறுகிய முக்கோணம். இரண்டிலும் நீளவாட்டில் நடுப்பகுதியில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து பக்கவாட்டு விளிம்புக்கு உள்ள தூரம், முக்கோணத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். ஈர்ப்பு மையம் அந்த விளிம்பைத் தாண்டினால் வண்டி சாய்ந்துவிடும். ஆகவே மூன்று சக்கர வண்டி, வளைவில் மிகச் சுலபமாகக் கவிழக்கூடியது.

சுசுகி நிறுவனம் 1983 மாடலாக நான்கு சக்கர ஏடிவியைக் கொண்டுவந்தது. 1985-இல் அதே நிறுவனத்தின் குவாட்ரேசர் எல்டி250ஆர், பந்தய வகைக்கு வழி திறந்தது. 1988-இல் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உற்பத்தியாளர்கள் அந்நாட்டில் புதிய மூன்று சக்கர ஏடிவிகள் விற்பதை நிறுத்தினார்கள்.

இரண்டு எல்லைகள்

தொடக்கப் பள்ளி அறிவியலில் நிலைத்தன்மையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அடித்தளம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் பொருள் எளிதில் சாயாது. இப்போது அதற்கு எண்கள் கொடுத்துப் பார்ப்போம்.

வண்டி வளைவில் திரும்பும்போது, டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியை வளைவின் உட்புறமாக இழுக்கின்றன. இந்தப் பக்கவாட்டு விசை, வண்டியின் எடையில் எத்தனை பங்கு என்று கணக்கிடலாம். எடையில் பாதி அளவு என்றால் 0.5, எடைக்குச் சமம் என்றால் 1.

இங்கே இரண்டு எல்லைகள் உண்டு.

முதலாவது, வழுக்கும் எல்லை. டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுக் குணகமே இது. இறுகாத மண்ணிலும் சரளையிலும் இதை ஏறக்குறைய 0.5 முதல் 0.6 வரை எனக் கொள்ளலாம். காய்ந்த தார்ச்சாலையில் 0.8 முதல் 0.9 வரை போகும்.

இரண்டாவது, கவிழும் எல்லை. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். காரணம் எளிது. தரைமட்டத்தில் செயல்படும் பக்கவாட்டு விசை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தை நெம்புகோலாகக் கொண்டு வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கிறது. வண்டியின் எடையோ, அகலத்தில் பாதியை நெம்புகோலாகக் கொண்டு அதை நிமிர்த்தப் பார்க்கிறது. இரண்டு திருப்புத்திறன்களும் சமமாகும் இடமே எல்லை.

கணக்குக்காக, சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 1 மீட்டர் என்றும், ஓட்டுநரோடு சேர்த்து ஈர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 0.5-ஐ 0.6-ஆல் வகுத்தால் 0.83.

இப்போது இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். மண்பாதையில் 0.55-ஐத் தொட்டதுமே டயர் வழுக்கத் தொடங்கிவிடும். கவிழும் எல்லையான 0.83-ஐ வண்டி எட்டவே எட்டாது. பக்கவாட்டில் சறுக்கி, வேகம் குறைந்து, மீண்டும் பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலையிலோ டயர் 0.85 வரை பிடித்து நிற்கக்கூடும். 0.83-இலேயே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். வழுக்குவதற்கு முன்பே கவிழும் நிலை வந்துவிடுகிறது.

வேகக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில், மண்ணில் வண்டி வழுக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு சுமார் 24 கிலோமீட்டர். கவிழும் எல்லைக்கான வேகம் மணிக்கு சுமார் 29 கிலோமீட்டர். சைக்கிளை வேகமாக மிதித்தாலே எட்டிவிடக்கூடிய வேகம் அது! நடைமுறையில் டயரின் பக்கச் சுவர் நசுங்குவதாலும், ஸ்பிரிங் ஒரு பக்கமாக அமுங்குவதாலும் உண்மையான எல்லை இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

மண்பாதை என்றால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாட்டில் சறுக்கும் சக்கரம் ஒரு பள்ளத்திலோ மரவேரிலோ இடித்து நின்றால், உராய்வைவிடப் பல மடங்கு பெரிய விசை ஒரு நொடியில் பாயும். கால் தடுக்கி விழுவதைப் போல, வண்டியும் தடுக்கிக் கவிழும்.

பின் அச்சின் பிடிவாதம்

தார்ச்சாலை ஏடிவிக்கு ஒத்துவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரில் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல அது வழிவிடுகிறது. விளையாட்டு ஏடிவியின் பின்னால் அது கிடையாது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே கம்பியில் இறுக்கிக் கோத்தவை. இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும்.

வண்டி 90 பாகை திரும்புகிறது என்று வையுங்கள். சக்கரங்களுக்கு இடையே 1 மீட்டர் தூரம் இருந்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட சுமார் 1.57 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். 20 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். அதாவது, ஒரு முனையில் திரும்புவதற்குள் ஒரு சக்கரம் ஏறக்குறைய முழுச் சுற்று ஒன்றை வழுக்கியே கழிக்க வேண்டும். மண்ணில் இது தானாக நடந்துவிடும். தாரில் டயர் வழுக்க மறுக்கும். வண்டி திரும்ப மறுத்து நேராகத் தள்ளிக்கொண்டு போகும். பதறிப்போய்க் கைப்பிடியை மேலும் திருப்பினால், முன் டயர் திடீரென்று பிடித்துக்கொள்ளும். கவிழ்வதற்கு அதுவே போதும்.

ஆக, அளவாக வழுக்குவது இந்த வண்டியின் குறை அல்ல. அது ஓடுவதற்கான அடிப்படையே அதுதான். டயர் தேர்வின் முதல் விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. மிக அதிகமான பிடிப்பைத் தேடக் கூடாது. அந்த மண்ணுக்கும், அந்த வண்டியின் அகலத்துக்கும் ஏற்ற பிடிப்பைத் தேட வேண்டும்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

ஏடிவி டயரின் பக்கச் சுவரில் 20x10-9 என்பது போன்ற எண்களைக் காணலாம். முதல் எண், டயரின் மொத்த உயரம். அடுத்தது அகலம். கடைசி எண், டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம். மூன்றும் அங்குலத்தில். கடைசி எண்ணுக்கு முன் சிறு கோட்டுக்குப் பதிலாக ஆங்கில ஆர் எழுத்து இருந்தால் அது ரேடியல் வகை. உள்ளே உள்ள நூலிழைகள் டயரின் குறுக்கே நேராக ஓடும்.

20-இலிருந்து 9-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் 5.5 அங்குலம். அதாவது 14 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்றும் ரப்பரும் மட்டுமே. கல்லில் ஏறும்போது முதல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங் அல்ல, இந்த 14 சென்டிமீட்டர்தான்.

பந்தயக்காரர்கள் பலர், மேடு பள்ளம் வெட்டிய மோட்டோகிராஸ் தடத்தில் பின்னால் 18 அங்குல டயரைப் போடுகிறார்கள். அதனால் என்ன நடக்கிறது? அச்சின் உயரம் ஓர் அங்குலம், அதாவது சுமார் 2.5 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஈர்ப்பு மையமும் கொஞ்சம் தாழ்கிறது. கவிழும் எல்லை சற்று உயர்கிறது. டயரின் சுற்றளவு 10 விழுக்காடு குறைவதால், இன்ஜின் ஒரு சுற்றுக்குத் தள்ளும் தூரமும் 10 விழுக்காடு குறைகிறது. புறப்படும் இழுவை கூடுகிறது. உச்ச வேகம் குறைகிறது. அதோடு, வண்டியின் அடிவயிறு தரைக்கு நெருங்கிவிடுகிறது. சமன்படுத்திய தடத்தில் அது பிரச்சினை இல்லை. மரவேரும் கல்லும் நிறைந்த காட்டுப்பாதையில் அதுவே பெரிய தலைவலி. அதனால்தான் காட்டுப்பாதைப் பந்தயங்களில் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டயர்களை விரும்புகிறார்கள்.

எந்த மண்ணுக்கு எந்தப் பற்கள்?

டயரின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர்க் கட்டைகளைப் பற்கள் என்று சொல்வோம். அவற்றின் உயரமும் இடைவெளியுமே டயரின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

இறுகிய மண்தரைக்கு, உயரம் குறைந்த, நெருக்கமான பற்கள் தேவை. தரை கடினமானதால் பல் உள்ளே இறங்காது. ரப்பர் எவ்வளவு பரப்பில் தரையைத் தொடுகிறது என்பதே முக்கியம். உயரமான பற்கள் அங்கே வளைந்து நெளியும், விரைவில் தேய்ந்தும் போகும்.

சேற்றுக்கு, உயரமான, இடைவெளி விட்ட பற்கள் வேண்டும். நமது செம்மண்ணில் களிமண் அதிகம். மழை பெய்தால் அது டயரின் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். இடுக்கு நிரம்பினால் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். இடைவெளி அகலமாக இருந்தால், சக்கரம் சுழலும் வேகத்திலேயே சேறு தெறித்து வெளியேறும். டயர் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும்.

மணலுக்கு வேறு உத்தி. கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகள் போன்ற இடங்களில், பின் டயரில் பற்களே இருக்காது. துடுப்பு வடிவில் ரப்பர் வரிகள் குறுக்கே நிற்கும். படகின் துடுப்பு நீரைத் தள்ளுவதுபோல அவை மணலைப் பின்னால் தள்ளும். முன் டயரிலோ வரிகள் சுற்றளவின் வழியே ஓடும். முன் டயரின் வேலை தள்ளுவது அல்ல, திசை காட்டுவது. இதே துடுப்பு டயரை இறுகிய தரையில் ஓட்டினால் வண்டி அதிர்ந்து நடுங்கும்.

முன் டயரையும் பின் டயரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதும் தவறு. முன்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால், வளைவில் முன்பக்கம் திரும்பிவிடும், பின்பக்கம் வெளியே வீசும். பின்னால் மட்டும் கூட்டினால், வண்டி திரும்பாமல் நேராகத் தள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

காற்று: சிறு எண், பெரிய விளைவு

கார் டயரில் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். விளையாட்டு ஏடிவிக்குப் பொதுவாக 4 முதல் 6 பிஎஸ்ஐ போதும். ஏன் இவ்வளவு குறைவு?

வண்டி 184 கிலோ, ஓட்டுநர் 70 கிலோ. மொத்தம் 254 கிலோ. இதன் எடை ஏறக்குறைய 2,490 நியூட்டன். டயருக்குள் 5 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 34.5 கிலோபாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 720 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு 180. அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரியது. அதே டயரில் 32 பிஎஸ்ஐ காற்று நிரப்பினால், ஒரு டயருக்கு 28 சதுர சென்டிமீட்டர்தான் மிஞ்சும். டயர்ச் சுவரின் விறைப்பும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மை அளவு கொஞ்சம் மாறும். ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது இதில் தெரிகிறது.

“உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று படித்தோமே?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த விதி, உருக்குலையாத கடினமான பரப்புகளுக்கு. மண் அப்படி அல்ல. அது நொறுங்கும், புதையும். அழுத்தம் அதிகமானால் டயர் மண்ணுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். 34.5 கிலோபாஸ்கல் என்பது, 70 கிலோ மனிதர் ஒற்றைக் காலில் நிற்கும்போது தரைக்குக் கொடுக்கும் அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமம். நடந்து போகக்கூடிய சேற்றில் ஏடிவியும் போகும் என்பதன் இரகசியம் இதுவே.

அழுத்தம் குறைவாக இருப்பதால் இன்னொரு சிக்கல் எழுகிறது. காலையில் 25 பாகை செல்சியஸில் 5 பிஎஸ்ஐ வைத்தீர்கள். வெயிலிலும் ஓட்டத்திலும் டயருக்குள் 45 பாகை ஆகிவிட்டது. அழுத்தம் எவ்வளவு? வாயு விதியில் மொத்த அழுத்தத்தையும் கெல்வின் வெப்பநிலையையும் பயன்படுத்த வேண்டும். வளிமண்டலத்தின் 14.7-ஐச் சேர்த்தால் 19.7. அதை 318-ஆல் பெருக்கி 298-ஆல் வகுத்தால் சுமார் 21. மீண்டும் 14.7-ஐக் கழித்தால் 6.3 பிஎஸ்ஐ. நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது! 32 பிஎஸ்ஐ உள்ள கார் டயரில் இதே வெப்பமாற்றம் 10 விழுக்காடு அளவே கூட்டும்.

அதனால்தான் பெட்ரோல் நிலையத்துக் காற்றுமானி இதற்கு உதவாது. 10 அல்லது 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் தனி மானி வேண்டும். காற்று குறைந்துபோனால் வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். கல்லில் மோதி ரிம் நசுங்கும். கூடிப்போனால் வண்டி பந்துபோல் துள்ளும். இடது, வலது பின் டயர்களில் காற்று வேறுபட்டால், அவற்றின் உயரமும் வேறுபடும். ஒரே அச்சில் சுழலும் அவை, நேர்ப்பாதையிலும் வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

அகலம், உயரம், விறைப்பு

டயர் முடிந்தது. இப்போது வண்டியின் உடல். கவிழும் எல்லையைக் கூட்ட இரண்டே வழிகள்தாம்: அகலத்தைக் கூட்டுவது, ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவது.

அகலத்தைக் கூட்ட, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் உலோக வட்டைச் செருகுவது மலிவான வழி. முன்சக்கரத்தைத் தாங்கும் ஏ வடிவக் கைகளை நீளமானவையாக மாற்றுவதும், பின் அச்சை நீட்டுவதும் செலவான வழிகள். மொத்த அகலம் 10 சென்டிமீட்டர் கூடினால், நமது கணக்கில் 0.83 என்பது 0.92 ஆகும். 8 மீட்டர் வளைவில் இது தரும் கூடுதல் வேகம் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். அவ்வளவுதான்!

அதற்கும் விலை உண்டு. ஸ்பேசர் போட்டால் சக்கரம் பேரிங்கிலிருந்து விலகி நிற்கும். நெம்புகோல் நீள்வதால் பேரிங் விரைவில் தேயும். முன்சக்கரம் கல்லில் மோதினால், கைப்பிடி முன்பைவிட வலுவாக உதறும். ஏ வடிவக் கையை நீட்டினால், சக்கரம் ஸ்பிரிங்கை அதிக நெம்புகோல் பலத்தோடு அமுக்கும். பழைய ஸ்பிரிங் தளர்ந்ததுபோல் ஆகிவிடும். அதையும் விறைப்பானதாக மாற்ற வேண்டிவரும்.

அகலம் கூடினால் எப்போதும் நல்லதா? யமஹாவே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. 1,240 மில்லிமீட்டர் அகலமுள்ள 450ஆர், மோட்டோகிராஸ் தடத்துக்காகச் செய்யப்பட்டது. அடுத்து 2010 மாடலாக வந்த ஒய்எஃப்இசட்450எக்ஸ், காட்டுப்பாதைக்கானது. அதன் அகலம் சுமார் 1,170 மில்லிமீட்டர். ஏறக்குறைய 7 சென்டிமீட்டரை வேண்டுமென்றே குறைத்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே நுழைய முடியாவிட்டால், வளைவில் எவ்வளவு உறுதியாக நின்றாலும் பயனில்லை. நமது கணக்கில் 7 சென்டிமீட்டர் குறைந்தால் 0.83 என்பது 0.78 ஆகும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, காட்டுக்குள் நுழையும் வசதியை வாங்கினார்கள்.

ஈர்ப்பு மையத்தை 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் எல்லை 0.91 ஆகும். ஆனால் ஸ்பிரிங் அசையும் நீளம் குறையும், அடிப்பகுதி கல்லில் உரசும். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தன் அசைவு நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பின்பற்றும் பொது அளவு. அந்த இடம் இருந்தால்தான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது மாற்றம் விறைப்பு. இடது, வலது சக்கரங்களை ஓர் உலோகத் தண்டால் இணைத்தால், வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்வது குறையும். சமமான வட்டத் தடத்தில் ஓடுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். கரடுமுரடான பாதையிலோ, ஒரு சக்கரத்துக்குக் கிடைக்கும் அடி மறு சக்கரத்துக்கும் போய்ச் சேரும்.

ஒவ்வொரு மாற்றமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் பாதை, பிறகு டயர், அதற்குப் பிறகே அகலமும் உயரமும். அதிகப் பிடிப்புள்ள டயரைப் போட்டுவிட்டு அகலத்தை அப்படியே விட்டால், வழுக்கும் எல்லை கவிழும் எல்லையை நெருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஓட்டுநரின் உயிர்.

ஆகச் சிக்கனமான மாற்றம்

ஒரு காசும் செலவில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது. அது ஓட்டுநரின் உடல்.

மொத்தம் 254 கிலோவில் ஓட்டுநர் 70 கிலோ. அவர் வளைவின் உட்புறமாகத் தம் உடலை 20 சென்டிமீட்டர் நகர்த்தினால், மொத்த ஈர்ப்பு மையம் சுமார் 5.5 சென்டிமீட்டர் உட்புறம் நகரும். கவிழும் எல்லை 0.83-இலிருந்து 0.92-க்கு மேல் போகும். பணம் செலவழித்து வண்டியை 10 சென்டிமீட்டர் அகலமாக்கியதால் கிடைத்த அதே பலன்! பந்தய வீரர்கள் வளைவில் இருக்கையை விட்டு ஒரு பக்கமாகத் தொங்குவது அழகுக்காக அல்ல.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஒருவர் மட்டுமே ஓட்டும் வண்டியில் நண்பரைப் பின்னால் ஏற்றினால், ஈர்ப்பு மையம் உயர்ந்து எல்லை இறங்கும். ஓட்டுநர் உடலை நகர்த்தவும் இடமிருக்காது. எடை குறைந்த சிறுவர் பெரிய வண்டியை ஓட்டினால், அவர் எவ்வளவு சாய்ந்தாலும் ஈர்ப்பு மையம் நகரவே நகராது. 450ஆர் போன்ற பெரிய விளையாட்டு வண்டிகளை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கைக்குப் பின்னால் இந்த இயற்பியலும் இருக்கிறது.

விடுமுறையில் பொழுதுபோக்குப் பூங்காவில் ஏடிவி ஓட்டப் போனால், ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பின் டயர்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? பற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டனவா? சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் தளர்வாக அசைகிறதா? ஐயம் இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். தலைக்கவசத்தை இறுக்கிக் கட்டுங்கள். பயிற்றுநர் சொன்ன தடத்தை விட்டுத் தார்ச்சாலைக்கு ஏறாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: பிரிக்காத ஒரு பெட்டிப் பானம், ஒரு பெரிய தட்டு அல்லது பலகை, உப்புத்தாள், கொஞ்சம் சோப்பு நீர்.

1. பலகையின் மேல் உப்புத்தாளை ஒட்டி, பெட்டியை நிமிர்த்தி நிற்க வையுங்கள். பெட்டியின் குறுகிய பக்கம் சரிவை நோக்கி இருக்கட்டும். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். எந்தக் கோணத்தில் பெட்டி சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. உப்புத்தாளை எடுத்துவிட்டு, சோப்பு நீர் தடவிய வழவழப்பான தட்டில் அதையே செய்யுங்கள். இப்போது பெட்டி சாய்கிறதா, சறுக்குகிறதா?

3. மீண்டும் உப்புத்தாளில், பெட்டியைப் படுக்க வைத்துச் செய்யுங்கள்.

முதல் சோதனையில் சாயும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். பிறகு அளவுகோலால் பெட்டியின் அடியகலத்தில் பாதியை அளந்து, பெட்டியின் உயரத்தில் பாதியால் வகுத்துப் பாருங்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஏடிவிக்கு நாம் கணக்கிட்ட கவிழும் எல்லையும் இதுவேதான்.

உப்புத்தாளில் சாய்ந்த அதே பெட்டி, சோப்பு நீரில் சாயாமல் சறுக்கி இறங்கியிருக்கும். பெட்டி மாறவில்லை, அதன் எடையும் மாறவில்லை. அடியில் இருந்த பிடிப்பு மட்டுமே மாறியது.